எலியட்டின் 2 மில்லிமீட்டர் துளை: எழும்பூரில் தொடங்கிய ஒரு கண் அறுவையின் நிகழ்வு ஆய்வு

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கான அறுவைகளின் வரலாற்றில் சென்னை எழும்பூருக்குத் தனி இடம் உண்டு. அங்குள்ள அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்தபடி உலகிலேயே பழமையானது என்று சொல்வார்கள். அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் 1909ல் ஒரு புதிய அறுவை முறையை வெளியிட்டார். கருவிழியும் (கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த படலம்) வெண்விழியும் சேரும் விளிம்பில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை வெளியே கசியவிடுவதுதான் அது. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. அரை நூற்றாண்டு பாடநூல்களில் இருந்தது. அப்புறம் கைவிடப்பட்டது.

ஏன் பரவியது, ஏன் கைவிடப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தத் துளை நன்றாகவே வேலை செய்தது. தேவைக்கு மேல் வேலை செய்தது. அதற்குப் பின் வந்த ட்ராபெக்யுலெக்டமி (துளைக்கு மேல் வெண்விழி மடலைத் தைத்து மூடும் அறுவை), குழாய் பொருத்துதல், இப்போது பேசப்படும் நுண்குழாய்கள் எல்லாமே அந்த மிகையைக் கட்டுப்படுத்தப் பிறந்தவை. அதனால் கிளாக்கோமா அறுவையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு எலியட்டின் துளையை விடச் சிறந்த பாடம் கிடைப்பது கடினம்.

எதற்காகத் துளை

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து ஓயாமல் வடிகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணின் நிறத்திரையான ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி திசு இதை நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் 4 மில்லிலிட்டர் வராது. இந்த நீர் ஐரிஸின் நடுத் துளையான பாப்பா வழியாக, ஐரிஸுக்கும் கருவிழிக்கும் இடையில் உள்ள முன்னறைக்கு வருகிறது. ஐரிஸும் கருவிழியும் சந்திக்கும் கோணத்தில் வலைத்திசு ஒன்று இருக்கிறது. அதன் இடுக்குகளில் புகுந்து, ஷ்லெம் கால்வாயில் இறங்கி, கடைசியில் சிரை ரத்தத்தில் கலக்கிறது. ஒரு சிறு பங்கு தசைநார்களுக்கு இடையிலும் கசிந்து போகும்.

வலைத்திசு தரும் தடையால்தான் கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது. வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம். இந்த அழுத்தம் கண்ணுக்கு வேண்டும். இல்லாவிட்டால் கண் தன் உருவத்திலேயே நிற்காது, பார்வை தெளியாது. தடை கூடும்போது அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. செத்த இழையை எந்த மருந்தாலும் எந்தக் கத்தியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அறுவைக்குப் பிறகு “பார்வை கூடவே இல்லையே டாக்டர்” என்று கேட்கும் நோயாளிகள் நிறையப் பேர். பார்வை கூடப்போவதில்லை என்பதை அறுவைக்கு முன்பே, வீட்டார் முன்னிலையில், தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இந்த அறுவை இருப்பதைக் காப்பாற்றுவதற்கு மட்டும்தான்.

நோயில் இரண்டு பெரிய வகைகள். ஒன்றில் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டுக் கோணத்தையே மூடிவிடும். மற்றதில் கோணம் திறந்தே இருக்கும், வலைத்திசுதான் அடைபட்டிருக்கும். இந்த வேறுபாடு இன்று மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படுகிறது. எலியட்டின் காலத்தில் தெளிவாகத் தெரியாது.

எலியட்டுக்கு முந்தைய அரை நூற்றாண்டு

1857ல் பெர்லினில் ஆல்ப்ரெக்ட் ஃபான் கிரேஃப, ஐரிஸின் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் திடீர் கிளாக்கோமா தணிகிறது என்று அறிவித்தார். அதுவரை கிளாக்கோமா என்றால் பார்வை போய்விடும், அவ்வளவுதான் என்றிருந்த நிலை அன்று மாறியது. ஆனால் வலியில்லாமல் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் நாட்பட்ட வகையில் அதே அறுவை பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1938ல் சான் பிரான்சிஸ்கோவின் ஓட்டோ பார்கன் கோணத்தை லென்ஸ் வைத்து நேரில் பார்த்து, திறந்த கோணம், மூடிய கோணம் என்று பிரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மூடிய கோணத்தில் ஐரிஸில் வழி விட்டால் போதும், அடைப்பு விலகும். திறந்த கோணத்தில் ஐரிஸ் குற்றவாளியே இல்லை. எண்பது ஆண்டுகள் இந்த வேறுபாடு தெரியாமலேயே வெட்டியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் பாரிஸில் லூயி த வெக்கர் வேறு ஒன்றைக் கவனித்தார். வெண்விழியில் போட்ட வெட்டு முழுதாக ஆறாமல், தழும்பு வழியாக நீர் கசிந்துகொண்டே இருந்தால் அழுத்தம் குறைகிறது. அப்படியானால் கசியும் தழும்பை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன? இந்தக் கேள்வியில் இருந்துதான் இன்றைய அறுவை மரபு முழுவதும் கிளைத்தது. போர்தோவில் லக்ராஞ்ச் 1906ல் வெட்டின் ஓரத்தில் இருந்து வெண்விழியின் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்தார். நார்வேயில் ஹோல்த் ஐரிஸின் ஒரு நுனியைக் காயத்தில் திரி போலச் செருகி விட்டார். பம்பாயில் ஹெர்பர்ட் சிறு மடல் வெட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1905ல் ஷியோட்ஸின் அழுத்தமானி வந்துவிட்டது. அதுவரை இமைக்கு மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்துத்தான் கண்ணின் கடினத்தைச் சொல்லிவந்தார்கள். அளக்க ஒரு கருவி வந்த பிறகு அறுவைகள் வரிசையாக வந்தது தற்செயல் இல்லை.

எழும்பூர், 1909

எலியட் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர், பம்பாயில் பிறந்தவர். ஒரே வேலையில் அடங்குகிற ஆளாகத் தெரியவில்லை. சென்னையில் பாம்பு விஷங்களை ஆராய்ந்தார். நாட்டு வைத்தியர்கள் ஊசியால் கண்புரையை உள்ளே தள்ளிவிட்டதால் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்துப் பதிவு செய்தார். ஓய்வுபெற்று லண்டன் போன பிறகு மந்திரக் கலைஞர்கள் சங்கத்தின் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவப் பாடுபட்டார். கண்ணால் கண்டதை அளந்து பார்க்காமல் நம்பாதவர் என்பதற்கு இதெல்லாம் சாட்சி. எழும்பூர் மருத்துவமனையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.

அவர் செய்த அறுவை இப்படி: கொக்கெய்ன் சொட்டுகளால் கண் மரத்துப்போகும். மேல் பக்கத்தில் விழியின் மேல்தோலான கஞ்சங்க்டைவாவைப் பெரிய மடலாகக் கருவிழி வரை உரித்துக் கீழே திருப்புவார். அங்கே நிறுத்தாமல் கருவிழியின் மேலடுக்கையும் சற்றே பிளந்துகொண்டு முன்னேறுவார். இதுதான் அவர் முத்திரை. பிறகு ட்ரெஃபைன் என்ற வட்டக் கத்தியை, பாதி கருவிழி மேலும் பாதி வெண்விழி மேலும் படும்படி வைத்துத் திருகுவார். முழுத் தடிமனிலும் ஒரு வட்டத் துண்டு கழன்று வரும். துளைக்குள் ஐரிஸ் பிதுங்கினால் அந்த நுனியைக் கத்தரித்துவிடுவார். மடலைப் பழையபடி மூடுவார். இனி முன்னறை நீர் துளை வழியாக வந்து மடலுக்கு அடியில் சேர்ந்து, ஒரு கொப்புளமாக எழும்பி, அங்கிருந்து மெல்ல உறிஞ்சப்படும்.

துளையிடும் யோசனை அவருடையது மட்டும் இல்லை. எடின்பரோவில் ஆர்கைல் ராபர்ட்சன் 1876லேயே ட்ரெஃபைனை வெண்விழியில் வைத்தார், ஆனால் வெகு பின்னால். கிளாஸ்கோவின் ஃப்ரீலாண்ட் ஃபெர்கஸ் 1909ல் கிட்டத்தட்ட அதே யோசனையோடு வந்தார். அவர் துளையும் சற்றுப் பின்னால்தான், அங்கிருந்து ஒரு தட்டைக் கம்பியை முன்னறைக்குள் செலுத்துவார். யார் முதலில் என்ற விவாதம் அன்றே எழுந்தது. என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது துளையின் இடம். எலியட் அதைக் கருவிழி வரை முன்னால் தள்ளியதால் துளை நேராக முன்னறையில் திறந்தது; சிலியரி திசுவோ ஐரிஸின் அடிவாரமோ வந்து அடைக்கும் வாய்ப்பு குறைந்தது. இன்றைய ட்ராபெக்யுலெக்டமியின் உள்துளையும் முன்னால் தள்ளித்தான் போடப்படுகிறது.

பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லக்ராஞ்சின் கத்தரி கையைப் பொறுத்தது; ஒருவர் கொஞ்சம் வெட்டுவார், இன்னொருவர் அதிகம் வெட்டுவார். வட்டக் கத்தி யார் கையில் இருந்தாலும் அதே அளவுத் துளையைத்தான் போடும். கற்பிக்க எளிது, திரும்பச் செய்ய எளிது. 1913ல் இந்த ஒரு அறுவைக்கென்றே எலியட் தனிநூல் வெளியிட்டார். நாட்பட்ட கிளாக்கோமாவில் அழுத்தம் உண்மையாகவே இறங்குவதை மருத்துவர்கள் கண்ணாரக் கண்டார்கள். பைலோகார்பினும் ஈசரினும் தவிர வேறு சொட்டு மருந்தே இல்லாத காலம் அது.

சிக்கல் எங்கே

2 மில்லிமீட்டர் துளைக்குத் தடை என்று எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் மட்டும் வருகிற நீருக்கு அது மிகப் பெரிய வாசல். அறுவை முடிந்த நாட்களில் கண் தளர்ந்து போகும், முன்னறை தட்டையாகும், லென்ஸ் கருவிழியை முட்டும், கண்புரை சீக்கிரம் முற்றும். அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து மடிப்பு விழும், ரத்தக் கசிவும் வரலாம். அழுத்தத்தை இறக்குவதுதானே நோக்கம், எவ்வளவு இறங்கினாலும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. 5 மி.மீ.க்குக் கீழே போன கண்ணும் பார்வை இழக்கும்.

முதல் வாரங்களின் தொல்லையைச் சமாளித்துவிட்டவர்களுக்கு அடுத்த ஆபத்து பல ஆண்டுகள் கழித்து வந்தது. துளைக்கு மேல் கூரையாக இருந்தது ஒற்றை அடுக்குத் தோல். அதன் அடியில் ஒரே இடத்தில் நீர் நேராக மோதிக்கொண்டே இருந்ததால் கூரை வெளிறி, ரத்த நாளம் இல்லாமல், கண்ணாடித்தாள் போல மெலிந்தது. மெலிந்த இடத்தில் நுண்ணிய ஓட்டை. இமையோரத்தில் எப்போதும் இருக்கிற கிருமிகள் அந்த ஓட்டை வழியாக நேராகக் கண்ணுக்குள் போய்விடும். நேற்று வரை நன்றாக இருந்த கண் இன்று சிவந்து, சீழ் வைத்து, இரண்டு நாளில் போயே போய்விடும். ஆன்டிபயாடிக் வராத காலத்தில் இதற்குத் தப்பித்த கண்கள் குறைவு.

எழும்பூரில் இது ஏன் ஆரம்பத்திலேயே பெரிதாகத் தெரியவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். தாமதமாக வரும் கிருமித் தொற்றைப் பார்க்க நோயாளி ஆண்டுக்கணக்கில் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும். மாகாணத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து மாட்டு வண்டியும் ரயிலும் பிடித்து வந்த ஒருவர், வலி போய்விட்டால் எதற்குத் திரும்பி வருவார்? ஐந்து ஆண்டு கழித்துக் கண் சீழ் பிடித்தால் பக்கத்து ஊர் வைத்தியரிடம்தான் போவார். மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் வெற்றியாகவே இருப்பார். இந்தக் குறை எலியட்டுக்கு மட்டும் உரியது இல்லை. கிளாக்கோமா அறுவையை ஓராண்டு முடிவை வைத்து மெச்சுகிற எந்த ஆய்வுக்கும் இன்றும் பொருந்தும்.

ஷீயும் கேர்ன்ஸும்

1958ல் ஃபிலடெல்ஃபியாவின் ஹரால்ட் ஷீ ஒரு தற்செயலைக் கவனித்தார். ஐரிஸ் அறுவையில் ரத்தத்தை நிறுத்த வெட்டின் ஓரத்தைச் சுட்டபோது, சில கண்களில் காயம் ஆறாமல் கசியும் கொப்புளம் உண்டானது. அதையே முறையாக்கினார். ட்ரெஃபைனைத் தள்ளிவிட்டு அது இடம் பிடித்தது, ஆனால் கூரை மெலியும் சிக்கல் அப்படியே தொடர்ந்தது.

திருப்பம் 1968ல் கேம்பிரிட்ஜில் வந்தது. அங்கே ஜான் கேர்ன்ஸ் வெண்விழியைப் பாதித் தடிமனில் சதுர மடலாகத் தூக்கி, அதன் அடியில் வலைத்திசுவும் ஷ்லெம் கால்வாயும் அடங்கிய ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து, மடலை மறுபடி தைத்து மூடினார். ட்ராபெக்யுலெக்டமி என்பது இதுதான். அவர் கணக்கு என்னவென்றால், அடைபட்ட வலை போய்விட்டதால் நீர் கால்வாயின் வெட்டுமுனைகளுக்குள் நேராகப் பாயும், கொப்புளமே தேவையில்லை. தொடக்கத்தில் 17 கண்களின் முடிவை வெளியிட்டார். பிறகு பார்த்தால் நன்றாக ஓடிய கண்களில் பெரும்பாலும் கொப்புளம் இருந்தது. நீர் கால்வாய்க்குள் போகவே இல்லை. தைத்த மடலின் ஓரங்களில் கசிந்து, பழையபடி மேல்தோலுக்கு அடியில்தான் சேர்ந்தது. கொள்கை தவறு, அறுவை சரி. மருத்துவத்தில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை என்றாலும், இந்த அளவுக்குத் தவறான காரணத்துக்காக இந்த அளவுக்குச் சரியான வேலை நடந்தது சுவையான கதைதான்.

எலியட் செய்ததை ஏரிக்கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டதாகச் சொல்லலாம். கேர்ன்ஸ் அதே வெட்டில், தெரியாமலே, மடையும் பலகையும் வைத்துவிட்டார். பலகையை எவ்வளவு தூக்குவது என்பது இப்போது மருத்துவரின் கையில். மடலை 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலால் இறுக்கித் தைத்துவிட்டு, முதல் சில வாரங்களில் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தையலாக லேசரால் அறுக்கலாம், அல்லது வெளியே விட்டிருக்கும் நுனியைப் பிடித்து உருவலாம். ஒரே நாளில் தடையை எடுத்துவிடாமல், ஆறும் வேகத்துக்கு ஏற்ப வழி விடுகிறோம். ட்ராபெக்யுலெக்டமி அரை நூற்றாண்டு தாண்டியும் நிலைத்ததற்கு இதுதான் காரணம். அறுவை அரங்கில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி அடுத்த இரண்டு மாதம் புறநோயாளிப் பிரிவில் நடக்கிறது. அந்த இரண்டு மாதம் வர முடியாதவருக்கு இந்த அறுவையைச் செய்வதா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

மைட்டோமைசின்: பழைய மெல்லிய கூரை திரும்பி வருகிறது

மடல் வந்ததும் கசிவு கட்டுப்பட்டது, ஆனால் எதிர்ப்பக்கச் சிக்கல் தலைதூக்கியது. உடம்பு எந்தக் காயத்தையும் ஆற்றத்தான் பார்க்கும். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் டெனான் அடுக்கின் செல்கள் தழும்பைப் பின்னிக் கொப்புளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். இளம் வயதினர், ஏற்கெனவே கண்ணில் அறுவை செய்துகொண்டவர்கள், உள்கண் அழற்சி உள்ளவர்கள், ஆண்டுக்கணக்கில் பதனப்பொருள் கலந்த சொட்டு மருந்து போட்டவர்கள் ஆகியோரிடம் இது வேகமாக நடக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் தழும்பு அதிகம்.

1983ல் தைவானில் இருந்து சென் என்பவர் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு மியாமியில் இருந்து 5-ஃப்ளூரோயுராசில் ஊசி பற்றிய அறிக்கை வந்தது. பஞ்சை மைட்டோமைசினில் நனைத்து ஓரிரு நிமிடம் மடலின் அருகே வைத்துக் கழுவிவிட்டால் போதும், அந்த இடத்துச் செல்கள் தழும்பு கட்டும் திறனை இழக்கும். அழுத்தம் 10, 12 என்று அழகாக இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

சில ஆண்டுகளில் வெளிறிய, நாளமில்லாத, கண்ணாடித்தாள் போன்ற கொப்புளங்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின. அதே கசிவு, அதே தளர்ந்த கண், அதே தாமதமான கிருமித் தொற்று. எலியட்டின் சிக்கலைப் பாடநூலில் மட்டும் படித்திருந்த தலைமுறை அதைத் தன் கையாலேயே மறுபடி உண்டாக்கியிருந்தது. துளைக்கு மடை வைத்தாயிற்று, சரி. ஆனால் கூரையைக் கெடுத்தது துளையின் அளவு மட்டும் இல்லை. நீர் ஒரே இடத்தில் முட்டி நிற்பதும், அந்த இடத்துத் தோல் தன்னைப் பழுதுபார்க்க முடியாமல் போவதும் சேர்ந்துதான்.

இதைச் சரியாகப் பிடித்தவர் மூர்ஃபீல்ட்ஸின் பெங் காவ். மருந்தைச் சிறு இடத்தில் அழுத்தி வைக்காமல் பரந்த பரப்பில் பின்னோக்கிப் படரவிட வேண்டும் என்றார். மேல்தோலை இமைப் பக்கம் வெட்டாமல் கருவிழி விளிம்பில் திறந்தால், அறுவைக்குப் பின் உண்டாகும் தழும்புக் கோடு நீரைப் பின்னால் போகவிடாமல் தடுக்காது. கொப்புளம் பரந்து, தாழ்ந்து, மேல் இமைக்கு அடியில் மறைந்திருக்கும். மருந்தும் அதே, துளையும் அதே. வைத்த பரப்பும் திறந்த இடமும் மட்டும் மாறின. அறுவையின் தரம் இப்படிப்பட்ட சிறு விஷயங்களில்தான் இருக்கிறது என்பதால் இந்தப் பகுதியைச் சற்று நீட்டிவிட்டேன்.

ட்ராபெக்யுலெக்டமி செய்துகொண்டவர்கள் அறிய வேண்டியது ஒன்று: பத்து ஆண்டு ஆனாலும் அந்தக் கண்ணில் சிவப்பு, வலி, பீளை, மங்கல் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மெடிக்கலில் சாதாரண “மெட்ராஸ் ஐ” சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

குழாய் வழி

கொப்புளத்தைக் கருவிழி ஓரத்தில் வைப்பதால்தானே இத்தனை தொல்லை, நீரை ஒரு குழாயில் பின்னால் கொண்டுபோய்விட்டால் என்ன என்பது அடுத்த யோசனை. பழைய யோசனைதான். 1906ல் குதிரை முடியைக் கருவிழி வழியே கோத்துப் பார்த்தார்கள், 1912ல் சோராப் என்ற மருத்துவர் பட்டு நூலைச் செருகினார். எல்லாம் தழும்பு கட்டி அடைந்தன.

தென்னாப்பிரிக்காவின் ஆன்டனி மோல்டினோ 1969ல் குழாயின் மறுமுனையில் அக்ரிலிக் தட்டு ஒன்றைப் பொருத்தினார். இங்கேதான் சிந்தனை மாறியது. உடம்பு அந்நியப் பொருளைச் சுற்றிக் கூடு கட்டும், கட்டட்டும். தட்டைச் சுற்றிய அந்தக் கூடே நீர்த்தேக்கம், அதன் சுவரே தடை. தழும்போடு சண்டை போடாமல் அதையே கருவியாக்கிக்கொண்ட ஒரே அறுவை இதுதான். தட்டு பின்னால், கண்ணின் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால் கூரையும் தடிமனாக இருக்கும்.

ஆனால் கூடு உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குழாயின் 0.3 மி.மீ. உள்விட்டத்துக்குத் தடையே இல்லை. எலியட்டின் சிக்கல் மூன்றாவது முறையாக. இரண்டு தீர்வுகள் வந்தன. 1993ல் சந்தைக்கு வந்த அகமது வால்வில் மெல்லிய சிலிக்கோன் சவ்வுகள் அழுத்தம் 8 முதல் 12 வரை இருக்கும்போது திறந்து, குறைந்தால் மூடும். பேர்வெல்ட் என்ற இன்னொரு வகைத் தட்டில் வால்வு கிடையாது. பரப்பு 350 சதுர மில்லிமீட்டர், அகமது தட்டின் 184ஐ விட ஏறக்குறைய இரு மடங்கு. பரப்பு பெரிதென்றால் நீண்ட காலத்தில் அழுத்தம் இன்னும் கீழே வரும், ஆனால் தொடக்கத்தில் குழாயைக் கரையும் நூலால் இறுகக் கட்டிவைக்க வேண்டும்.

ட்ராபெக்யுலெக்டமியா குழாயா என்று ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், முன்பு அறுவை நடந்த 212 கண்கள் சேர்க்கப்பட்டன. 5 ஆண்டில் தோல்வி குழாய்க் குழுவில் 29.8 சதவீதம், மைட்டோமைசினோடு செய்த ட்ராபெக்யுலெக்டமியில் 46.9. இதைப் பார்த்துப் பலர் முதல் அறுவையாகவே குழாய்க்குத் தாவினார்கள். அறுவையே நடக்காத கண்களில் செய்த அடுத்த ஆய்வில் ஓராண்டு முடிவு தலைகீழ்: குழாயில் 17.3 சதவீதம் தோல்வி, ட்ராபெக்யுலெக்டமியில் 7.9. தழும்பு படியாத கண்ணுக்கு ஒரு நியாயம், படிந்த கண்ணுக்கு வேறு நியாயம்.

இந்தியாவில் கேள்வி இன்னொரு விதமாகவும் இருந்தது: விலை. இறக்குமதித் தட்டு பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாத பொருள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய 1992ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், 350 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் தட்டு ஒன்றைத் தயாரித்தது. பேர்வெல்ட்டின் வழியைப் பின்பற்றியது, வால்வு இல்லாதது, விலையில் ஒரு சிறு பங்கு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆடி (AADI) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. எலியட்டின் ஊரில் இருந்து 450 கிலோமீட்டர் தெற்கே, நூறு ஆண்டு கழித்து, அதே நீரை வெளியே விட இன்னொரு வழி.

இப்போது எந்தக் கண்ணுக்கு எது

நுண்குழாய்க்காரர்கள் கணக்கை எதிர்முனையில் இருந்து தொடங்கினார்கள். மெல்லிய குழாயில் ஓடும் நீருக்கு எவ்வளவு தடை என்பதைச் சொல்லும் பழைய இயற்பியல் விதி ஒன்று உண்டு. விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு. அதன்படி கணக்குப் போட்டு 6 மி.மீ. நீளத்தில் 45 மைக்ரான் உள்விட்டம் கொண்ட ஜெலட்டின் குழாயைச் செய்தார்கள். எலியட்டின் துளையோடு ஒப்பிட்டால் விட்டத்தில் 40ல் ஒரு பங்குக்கும் கீழே. தடை குழாய்க்குள்ளேயே இருப்பதால் கண் தளர்வது குறைவு. ஆனால் வெளிமுனையில் கொப்புளம்தான், தழும்புதான், பலருக்கு ஊசியால் கீறித் திறக்க வேண்டிவருகிறது. முற்றிய நோய்க்கு இவற்றை முதல் தேர்வாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

கத்தியே வேண்டாத கண்களும் நிறைய. திறந்த கோணத்தின் தொடக்க நிலையில், முதலிலேயே வலைத்திசுவுக்கு லேசர் கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வில், 3 ஆண்டு கழித்து நான்கில் மூன்று பேருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. சொட்டில் தொடங்கியவர்களில் 11 பேருக்கு அறுவை வேண்டியிருந்தது, லேசர் குழுவில் யாருக்கும் இல்லை. மூடிய கோணத்தில் கண்புரை முற்றாவிட்டாலும் லென்ஸை எடுத்துவிடுவதே பலருக்குப் போதுமானது என்று 2016ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. சுரக்கும் திசுவையே லேசரால் சுடும் முறை, மற்ற எதுவும் பலிக்காத கண்ணுக்கும் வலி தாங்காத குருட்டுக் கண்ணுக்கும்.

சரி, முற்றிய நோயோடு, சொட்டு மருந்து பலிக்காமல், ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அறுவை நடக்காத கண், வயது அறுபது, மகன் சென்னையில் வேலை. நூல் சொல்லும் விடை ட்ராபெக்யுலெக்டமி. முதல் மாதம் வாரம்தோறும் மதுரைக்கு வர முடியுமா, கூட வர ஆள் உண்டா என்று கேட்காமல் அந்த விடையை எழுதிவிடக் கூடாது. வர முடியாதென்றால் தையலைத் தளர்த்தும் வேலை நடக்காது. மடல் தழும்பில் மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குக் குழாய் பொருத்துவதைப் பரிசீலிக்கலாம். அதிலும் ஒரு தேதி உண்டு. கட்டிய நூல் கரைந்து குழாய் திறப்பது ஐந்து, ஆறு வாரத்தில், அதுவும் ஒரே நாளில். அன்று அழுத்தம் சட்டென்று விழும், சிலருக்குக் கண் தளர்ந்தே போகும். மற்ற சந்திப்புகளில் ஒன்றிரண்டு தவறினாலும் அந்த வாரச் சந்திப்பு தவறக் கூடாது என்று மகனிடமும் போனில் சொல்லிவிடுவது நல்லது.